முதல் ஒரு மணி நேரம்: ரெய்ஸ் இரண்டு மடங்கா, மூன்றா, ஐந்தா?

திருநகரில் நண்பர் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறு சாயங்காலம் ஒன்பது பேர் கூடிப் போக்கர் ஆடுகிறோம். வெயில் இறங்கி, திருப்பரங்குன்றம் மலைப் பக்கமிருந்து காற்று வர ஆரம்பித்ததும் பாயை விரித்துவிடுவோம். காசு கிடையாது. முதலாவது வருபவருக்கு 5 புள்ளி, அடுத்தவருக்கு 3, மூன்றாமவருக்கு 2. சித்திரைத் திருவிழா முடிந்த மறுவாரம் புதுக் கணக்கு தொடங்கும்.

போன மாதம் ஆட்டம் முடிந்து படி இறங்கும்போது, திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வரும் கல்லூரித் தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, யூடியூப்ல எல்லாரும் ரெண்டு மடங்கு போட்டாப் போதும்ங்கிறாங்க. நீங்க மூணு, நாலுன்னு போடுறீக. செல்லூர் மாமா அஞ்சுக்குக் கொறைய மாட்டேங்குறாரு. எதைண்ணே நம்புறது?"

அவர் கேட்டது ரெய்ஸைப் பற்றி: முதல் ஆளாகப் பந்தயத்தை ஏற்றும்போது, மேசையில் ஏற்கெனவே கிடக்கும் கட்டாயப் பந்தயத்தைப் போல எத்தனை மடங்கு வைப்பது? "ஆளைப் பாத்துப் போடுப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பதில் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் இன்னும் இரண்டு பேர் இதையே கேட்டார்கள். கணக்கோடு சொல்ல வேண்டிய விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று. இங்கே பேசுவது காசில்லாத ஆட்டத்தைப் பற்றி. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், காசு கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரித்துப் பார்க்காமல் மொத்தமாகத் தடை செய்தது. காசு பார்க்கலாம் என்று நினைத்து வந்தவர்கள் தயவுசெய்து இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போக்கர் கணக்குக்குக் காசு தேவையே இல்லை. புளியங்கொட்டையை வைத்து ஆடினாலும் இந்த எண்கள் மாறாது.

தொடக்கம் என்று எதைச் சொல்கிறேன்

எங்கள் ஆட்டத்தில் ஆளுக்கு 10,000 சிப். பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் வைக்கும் கட்டாயப் பந்தயம்; சின்னது ஸ்மால் பிளைண்ட், பெரியது பிக் பிளைண்ட்) 50/100-இல் தொடங்கி, 20 நிமிடத்துக்கு ஒரு தரம் 75/150, 100/200, 150/300 என்று ஏறும். ஆன்டி (பிளைண்டுக்கு மேல் ஒவ்வொரு கைக்கும் வைக்கும் கட்டாயத் தொகை) இல்லை. முதல் கையில் ஒவ்வொருவரிடமும் 100 பிக் பிளைண்ட் இருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்தும் அதே 10,000 கையில் இருந்தால் அது வெறும் 33 பிக் பிளைண்ட். ஆகவே நமக்குத் தொடக்கம் என்பது அந்த ஒரு மணி நேரம்தான். ஏறக்குறைய 25, 30 கை.

லாஸ் வேகாஸில் நடக்கும் உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியில் ஆளுக்கு 60,000 சிப், ஒவ்வொரு கட்டமும் இரண்டு மணி நேரம். அங்கே முதல் நாள் பூராவும் சாவகாசமாக ஆடலாம். அவர்களுக்கு எடுத்த அளவில் நமக்குச் சட்டை தைத்தால் பொருந்தாது.

எதை வைத்து எடை போடுவது

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகைக்கு விலை சொல்வதைப் பார்த்தவர்களுக்கு ரெய்ஸ் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. ரெய்ஸ் என்பது விலை. குறைத்துச் சொன்னால் கூட்டம் கூடும். ஏற்றிச் சொன்னால் முகூர்த்த வீட்டுக்காரர் மட்டும் நிற்பார். என்ன விலையானாலும் அவருக்குப் பூ வேண்டும். போக்கரில் அந்த முகூர்த்த வீட்டுக்காரர் உங்களைவிட நல்ல சீட்டு வைத்திருப்பவர். கூட்டமும் கூடாமல், அவர் ஒருவரிடமே போய் மாட்டாமல், சுமாரான சீட்டோடு ஒருவரோ இருவரோ உள்ளே வரும்படி விலை சொல்ல வேண்டும்.

இதை ஐந்து கேள்வியாகப் பிரித்துக்கொள்கிறேன். பிக் பிளைண்டில் இருப்பவருக்கு என்ன விலை விழுகிறது? மொத்தம் எத்தனை பேர் உள்ளே வருவார்கள்? ரிவர் (எல்லாருக்கும் பொதுவாக நடுவில் விரிக்கும் ஐந்தில் கடைசிச் சீட்டு) வரைக்கும் போனால் பாட் (நடுவில் சேரும் மொத்தச் சிப்) எவ்வளவு வளரும்? பின்வாங்க நேர்ந்தால் எவ்வளவு போகும்? போடுகிற அளவே உங்கள் சீட்டைக் காட்டிக்கொடுக்கிறதா?

இவற்றில் கணக்குப் போட முடிந்ததை எல்லாம் 50/100 பிளைண்டில் போட்டு வைத்திருக்கிறேன். ஸ்மால் பிளைண்ட் ஃபோல்டு (சீட்டைக் கீழே போட்டு விலகுவது), பிக் பிளைண்ட் ஒருவர் மட்டும் கால் (அதே தொகையைப் போட்டு உள்ளே வருவது) என்று வைத்துக்கொள்ளுங்கள்.

| | 200 | 300 | 500 |
|---|---|---|---|
| பிக் பிளைண்ட் மேற்கொண்டு போட வேண்டியது | 100 | 200 | 400 |
| கால் கட்டுப்படியாக அவருக்குத் தேவையான வெற்றி வாய்ப்பு | 22% | 31% | 38% |
| பிளைண்டை மட்டும் அடிக்க நினைத்தால், இத்தனை தடவை எல்லாரும் ஃபோல்டு ஆக வேண்டும் | 57% | 67% | 77% |
| ஃப்ளாப்பில் (நடுவில் முதல் மூன்று சீட்டு விரித்ததும்) பாட் | 450 | 650 | 1,050 |
| பாட்டைப் போல எத்தனை மடங்கு கையில் மிச்சம் | 22 | 15 | 9 |
| ஃப்ளாப்பிலிருந்து ரிவர் வரை மூன்று சுற்றிலும் பாட்டில் மூன்றில் இரண்டு பங்கு போட்டுக் கால் ஆனால், கடைசியில் பாட் | சுமார் 5,700 | சுமார் 8,250 | சுமார் 13,350 |
| அதற்குள் உங்கள் கையிலிருந்து போனது | சுமார் 2,850 | சுமார் 4,100 | சுமார் 6,650 |

கடைசி இரண்டு வரிகளைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 200-க்கும் 500-க்கும் தொடக்கத்தில் வித்தியாசம் 300 சிப். ரிவர் முடியும்போது கையிலிருந்து போனதில் வித்தியாசம் 3,800. வட்டிக்கு வட்டி ஏறுகிற மாதிரிதான். ஒவ்வொரு சுற்றிலும் பாட்டின் அளவைப் பார்த்துத்தான் அடுத்த பந்தயத்தைக் கட்டுகிறோம். ஆகவே அசலில் கூடுகிற ஒவ்வொரு நூறும் மூன்று தரம் பெருகுகிறது. ஜெயிக்கும்போதும் இதுதான் கணக்கு, தோற்கும்போதும் இதுதான்.

இரண்டு மடங்கு: 200

இதில் நல்லது என்னவென்றால் செலவு குறைவு. யாராவது திருப்பி ஏற்றினால் 200-ஓடு போட்டுவிட்டு எழுந்துவிடலாம். பெரிய ஆட்டக்காரர்கள் இதை விரும்புவதற்குக் காரணமும் உண்டு. யூடியூபில் நாம் பார்ப்பது பெரும்பாலும் போட்டியின் பிற்பகுதி. அங்கே ஸ்டாக் (கையில் இருக்கும் சிப்) 30, 40 பிக் பிளைண்டுக்கு வந்திருக்கும், ஆன்டியும் இருக்கும். பிக் பிளைண்ட் அளவுக்கு ஓர் ஆன்டி சேர்ந்தால் நடுவில் கிடப்பது 150 இல்லை, 250. அப்போது 200 போட்டு அடிப்பதற்கு 57 சதவீதம் ஃபோல்டு வேண்டாம். 44 சதவீதம் போதும். அதோடு எதிரே இருப்பவர்கள் ஃபோல்டு செய்யத் தெரிந்தவர்கள். அங்கே அது சரியான விலை.

எங்கள் மாடியில் 200 போட்டால் என்ன ஆகிறது? "ரெண்டு நோட்டுதானே, பாத்துட்டுப் போவோம்" என்று நாலு பேர் உள்ளே வந்துவிடுகிறார்கள். பிக் பிளைண்டில் இருப்பவருக்கு வெறும் 22 சதவீதம் போதும். ஏழும் இரண்டும் வெவ்வேறு சாதியில் (ஸ்பேடு, ஹார்ட் மாதிரி) வைத்திருப்பவருக்குக்கூட, ஏஸ்-ராஜாவை எதிர்த்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்பை அவரால் முழுசாக அறுவடை செய்ய முடியாது, நடுவிலேயே பின்வாங்க வேண்டி வரும். ஆனாலும் உள்ளே வர அவருக்குத் தடை ஒன்றும் இல்லை.

மறைந்திருக்கும் செலவு இந்தக் கூட்டம்தான். ஜோடி ஏஸ் எதிரே ஒரு ஆள் இருந்தால் 85 சதவீதம் ஜெயிக்கும். இருவர் என்றால் 73, மூவர் என்றால் 64, நால்வர் என்றால் 56. சீட்டு அதேதான்; ஆள் கூடக்கூட அதன் பலம் கரைகிறது. மார்ச்சில் எனக்கு இது நேரடியாகவே நடந்தது. ஜோடி ஏஸ், முன்னதாகப் பேச வேண்டிய இருக்கை, 200 போட்டேன். நாலு பேர் கால். 8-7-5 ஃப்ளாப். இரண்டு சுற்று பந்தயம் கட்டி, ரிவரில் எட்டும் ஏழும் வைத்திருந்தவரிடம் 3,000 சிப்பைக் கொடுத்தேன். அன்றைக்கு எல்லாரும் "உங்க நேரம் சரியில்லண்ணே" என்று ஆறுதல் சொன்னார்கள். நேரத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 200 என்று விலை சொல்லி நாலு பேரைக் கூப்பிட்டவன் நான்.

இரண்டு மடங்கு எப்போது சரி: ஆன்டி வந்த பிறகு; கையில் 40 பிக் பிளைண்டுக்குக் கீழே வந்த பிறகு; பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் இருக்கை) நீங்கள் இருந்து, பின்னால் இருக்கும் இருவரும் கஞ்சத்தனமாக ஆடுபவர்களாக இருந்தால் முதல் கட்டத்திலும்கூட.

மூன்று மடங்கு: 300

தொடக்கத்துக்கு என் கை இயல்பாகப் போவது இங்கேதான். பிக் பிளைண்டுக்கு 31 சதவீதம் தேவை. ஆகக் கழிசடைச் சீட்டுகள் தாமாகவே விலகும். நாலு பேர் வருகிற இடத்தில் இரண்டு பேர் வருவார்கள். பாட் 650-இல் தொடங்குவதால், நல்ல சீட்டு விழுந்தால் மூன்று சுற்றில் எதிராளியின் ஸ்டாக்கில் 4,000 வரைக்கும் எடுக்க முடியும். கெட்டது விழுந்தால் ஃப்ளாப்பிலேயே விட்டுவிட இன்னும் 9,700 கையில் இருக்கிறது.

செலவு? ஒரு மணி நேரத்தில் ஐந்து முறை ரெய்ஸ் செய்து மூன்று முறை விட்டுவிடுகிறீர்கள் என்று வையுங்கள். 200 வீதம் என்றால் 600 போகும், 300 வீதம் என்றால் 900. வித்தியாசம் மூன்று பிக் பிளைண்ட். 100 இருக்கும்போது இது பெரிய பாரம் இல்லை. 33 இருக்கும்போது இதே மூன்றைக் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே யாராவது 100 போட்டு லிம்ப் (ஏற்றாமல் பிக் பிளைண்ட் அளவை மட்டும் போட்டு உள்ளே வருவது) ஆகியிருந்தால் இந்த 300 வேலை செய்யாது. ஒவ்வொரு லிம்புக்கும் ஒரு பிக் பிளைண்ட் கூட்ட வேண்டும். ஒருவர் என்றால் 400, இருவர் என்றால் 500. நீங்கள் பிளைண்டில் இருந்து, ஃப்ளாப்புக்குப் பிறகு முதலில் பேச வேண்டியவர் என்றால் இன்னொரு 100. எங்கள் ஆட்டத்தில் பாதிக் கைகளில் யாரோ ஒருவர் லிம்ப் ஆகியிருப்பார். ஆகவே தம்பி பார்த்த "மூணு, நாலு" எல்லாம் இந்தக் கணக்கில் வந்ததுதான்.

ஐந்து மடங்கு: 500

செல்லூர் மாமா ஆட்டம். அவர் சொல்வது இது: "நம்ம பயலுக எப்படியும் வருவாய்ங்க. வர்றவன் ஐந்நூறக் குடுத்துட்டு வரட்டும்." இதில் உண்மை இருக்கிறது. 300-க்கும் நாலு பேர் வருகிற மேசையில், ஜோடி ராஜாவுக்கு 500 தான் நியாயமான விலை. பாட் 1,050, கையில் மிச்சம் அதைப் போல ஒன்பது மடங்கு. ஒரே ஒரு ஜோடியை நம்பி மூன்று சுற்றும் கட்டலாம் என்கிற தைரியம் இந்த அளவில்தான் வரும்.

ஆனால் மாமாவின் முறையில் மூன்று ஓட்டை இருக்கிறது. மூன்றுமே அவ்வளவு சீக்கிரம் கண்ணில் படாதவை.

முதலாவது, அவர் 500 போடுவது நல்ல சீட்டுக்கு மட்டும். சுமாரான சீட்டுக்கு 100 போட்டு லிம்ப். இரண்டு வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இப்போது அவர் ஐந்நூறை நகர்த்தினால் அது சீட்டைத் திருப்பிக் காட்டுவதற்குச் சமம்.

இரண்டாவது, யாரும் வராவிட்டால் கிடைப்பது 150. அந்த 150-க்காக 500-ஐ முன்னே வைக்கிறோம். பின்னால் ஒருவர் 1,500 என்று திருப்பி ஏற்றினால், ராணி-ஜாக் போன்ற சீட்டோடு அந்த ஐந்நூறை அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

மூன்றாவது, விவரம் தெரிந்தவர்கள் நிறைந்த மேசையில் 500-க்கு நிற்பவர் முகூர்த்த வீட்டுக்காரர்தான். ஏஸ்-ஜாக்கோடு நீங்கள் கட்டிய பெரிய பாட்டில், எதிரே ஏஸ்-ராஜா உட்கார்ந்திருக்கும்.

எப்போது இது மேல்: மேசையே கால் செய்கிற மேசையாக இருந்து, உங்கள் கையில் பெரிய ஜோடியோ ஏஸ்-ராஜாவோ இருந்தால். அல்லது முன்னால் இருவர் லிம்ப் ஆகியிருந்தால். அப்போது அது ஐந்து மடங்கு இல்லை, மூன்றுடன் இரண்டு.

ரெய்ஸே வேண்டாம் என்றால்

சும்மா 100 போட்டு உள்ளே போவதை நான் ஒரே இடத்தில்தான் செய்வேன்: முன்னால் இரண்டு மூன்று பேர் லிம்ப் ஆகி, என் கையில் சின்ன ஜோடி இருக்கும்போது. ஃப்ளாப்பில் அதே எண்ணில் மூன்றாவது சீட்டு விழ 12 சதவீதம்கூட வாய்ப்பு இல்லை. எட்டு ஒன்பது முறைக்கு ஒரு முறை. விழுந்தால் ஆயிரக்கணக்கில் வரும், விழாவிட்டால் நூறோடு முடிந்தது. மற்றபடி முதல் ஆளாக லிம்ப் ஆவதற்கு எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

ஃப்ளாப் விழுந்த பிறகு: மூன்றில் ஒன்றா, மூன்றில் இரண்டா, முழுசா

எங்களில் பாதிப் பேர் ரம்மியில் வளர்ந்தவர்கள். ஒரு சீட்டு வந்தால் டிக்ளேர் என்று காத்திருந்த கைகள். போக்கரிலும் நாலு ஸ்பேடு சேர்ந்துவிட்டால் ஐந்தாவதுக்காகக் கடைசிவரை நிற்பார்கள். பந்தய அளவை இந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நாலு ஸ்பேடு வைத்திருப்பவருக்கு அடுத்த சீட்டே ஸ்பேடாக விழ 47-இல் 9, அதாவது 19 சதவீதம். நீங்கள் பாட்டில் மூன்றில் ஒரு பங்கு போட்டால் அவருக்குத் தேவை 20 சதவீதம். கிட்டத்தட்ட சரியான விலைக்கே விற்றுவிட்டீர்கள். விழுந்த பிறகு உங்களிடமிருந்து இன்னும் வாங்கப்போகிறார், ஆக லாபம் அவருக்கு. மூன்றில் இரண்டு போட்டால் 29 சதவீதம் தேவை. முழுப் பாட்டையும் போட்டால் 33. அவர் எப்படியும் கால் செய்யப்போகிறார் என்றால், ஜோடி ஏஸோ ராஜாவோ வைத்திருக்கும் நீங்கள் மூன்றில் இரண்டுக்குக் குறைவாகப் போடுவது அவருக்குத் தள்ளுபடி கொடுப்பது மாதிரி. முழுப் பாட்டையும் நான் அபூர்வமாகத்தான் போடுகிறேன். அதற்கு ஸ்பேடுக்காரரும் நிற்பார் என்பது உறுதியாகத் தெரிய வேண்டும்.

ப்ளஃப் (கையில் ஒன்றும் இல்லாமல், எதிராளியை விலக வைக்கக் கட்டும் பந்தயம்) என்றால் கணக்கு தலைகீழ். மூன்றில் ஒரு பங்கு போட்டால் நாலில் ஒரு முறை ஃபோல்டு ஆனால் போதும். மூன்றில் இரண்டுக்கு 40 சதவீதம், முழுசுக்கு 50. ராஜா-7-2, மூன்றும் வேறு வேறு சாதி, எதிரே ஒரே ஆள்: இங்கே மூன்றில் ஒரு பங்கு அருமையாக வேலை செய்யும். அவரிடம் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. 9-8-6, அதில் இரண்டு ஸ்பேடு, எதிரே மூன்று பேர்: அங்கே ப்ளஃப் எந்த அளவிலும் வேண்டாம். செக் (பந்தயம் கட்டாமல் விடுவது) சொல்லிவிட்டு உட்காருங்கள்.

புள்ளிக் கணக்கு சொல்வது

ஒன்பது பேர், மொத்தம் 10 புள்ளி. ஆட்டம் தொடங்கும்போது ஒவ்வொருவர் பங்கும் 1.11 புள்ளி. முதல் கையிலேயே ஒருவரை வெளியேற்றி 20,000 சிப் ஆக்கிவிட்டீர்கள் என்றால் உங்கள் பங்கு 2.22 ஆக வேண்டும்தானே? ஆகாது. மீதி ஏழு பேரும் 10,000 வைத்திருக்க, முதல் மூன்று இடத்துக்கும் வருகிற வாய்ப்பைச் சிப் விகிதப்படி கணக்கிட்டால் 2.03 தான் வருகிறது. இரண்டாம், மூன்றாம் இடத்துக்கும் புள்ளி இருப்பதால், சிப் இரட்டித்தாலும் மதிப்பு இரட்டிப்பதில்லை. ஆக, மொத்தத்தையும் வைத்து ஆட 50 சதவீத வாய்ப்பு பற்றாது, 55 வேண்டும்.

முதல் இடத்துக்கு மட்டும் புள்ளி என்று வைத்திருந்தால் மாமாவின் ஐந்து மடங்குக்கு இன்னும் கொஞ்சம் பக்கபலம் இருந்திருக்கும். எங்கள் முறையில் இல்லை. பெரிய அளவு உங்களை முதல் மணி நேரத்திலேயே முழு ஸ்டாக்கையும் வைக்கிற இடத்துக்குத் தள்ளுகிறது. ஜோடி பத்தோடு ஏஸ்-ராஜாவை எதிர்த்து எல்லாச் சிப்பையும் வைக்கிற அந்தப் பாதிக்குப் பாதி ஆட்டம், ஏழு மணிக்கு வேண்டுமானால் தேவைப்படலாம். ஆறு மணிக்கு அதைத் தேடிப்போக வேண்டியதில்லை.

தம்பிக்கு என் பதில்

எங்கள் மாடியில், 50/100-இல் 300. 75/150-இல் 450. 100/200-இல் 500, அதாவது இரண்டரை மடங்கு; அப்போது ஸ்டாக் 50 பிக் பிளைண்டுக்கு வந்திருக்கும். 150/300 வந்ததும் 650. யூடியூபில் சொல்கிற அளவுக்கு நாமும் வந்துவிடுகிறோம். ஒவ்வொரு லிம்புக்கும் ஒரு பிக் பிளைண்ட் கூடுதல்.

அளவை இருக்கையும் லிம்ப் எண்ணிக்கையும் தீர்மானிக்கட்டும். கையில் இருக்கும் சீட்டு தீர்மானிக்க வேண்டாம். ஜோடி ஏஸுக்கும் 300, ஆறும் ஏழும் ஒரே சாதியில் இருந்தாலும் 300. சீட்டுக்கு ஏற்ப அளவை மாற்றினால் இரண்டு வாரம் லாபம் வரும், மூன்றாவது வாரம் மாமாவுக்கு ஆனதுதான் உங்களுக்கும் ஆகும். சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்த புதியவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கும் நாளில் மட்டும் இந்த விதியை நான் தளர்த்துவேன். அவர்களுக்கு உங்கள் பழக்கம் தெரியாது, பெரிய ஜோடிக்கு 500 போடலாம்.

இதையெல்லாம் போனில் சொல்லி முடித்ததும் தம்பி கேட்டார்: "சரிண்ணே. மாமா ஐந்நூறு போட்டா நான் என்ன செய்றது?"

மாமாவிடம் நல்ல சீட்டு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஏஸ்-பத்து, ராஜா-ஜாக் எல்லாம் கீழே போய்விடட்டும். இரண்டு முதல் பத்து வரைக்கும் ஜோடி இருந்து, மாமாவிடமும் உங்களிடமும் 10,000-க்குப் பக்கத்தில் இருந்தால், கால் செய்யலாம். ஐந்நூறைப் போல இருபது மடங்கு எடுக்க வழி இருக்கிறது, மூன்றாவது சீட்டு விழாவிட்டால் ஃப்ளாப்பில் விட்டுவிடலாம். இருவரில் ஒருவருடைய ஸ்டாக் 7,000-க்குக் கீழே இறங்கியிருந்தால் அந்த ஜோடியும் வேண்டாம். ஜோடி ராஜாவோ ஏஸோ வந்தால் 1,500.